இன்பவாதம் படிக்கப் போகிறீர்களா? எதை முதலில் எடுப்பது, எவ்வளவு செலவாகும், எத்தனை வாரம் பிடிக்கும்

பெருந்துறைப் பக்கம் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறேன். தத்துவத்தில் பட்டம் எதுவும் வாங்கவில்லை. வாழ்க்கையின் இலக்கு இன்பம்தான் என்று துணிந்து சொன்னவர்களைப் படிக்க வேண்டும் என்று ஆசை வந்தபோது, எங்கே தொடங்குவது என்று சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் தலைகீழ் வரிசையில் படித்தேன். "கடன் வாங்கியாவது நெய் குடி" என்ற ஒரு வரியை எங்கோ பார்த்து, அதுதான் மொத்தத் தத்துவமும் என்று நம்பி, வட்டிக்கு வாங்கி ஒரு வருடம் ஊர் ஊராகச் சுற்றினேன். அந்தக் கடனை அடைக்க மூன்று வருடம் ஆனது. அந்த வரி யார் எழுதி வைத்தது என்று முதலிலேயே தெரிந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கீழே இருக்கும் வரிசையில் போனால் வாரம் நான்கு மணி நேரம் வீதம் பன்னிரண்டு வாரத்தில் நல்ல அடிப்படை கிடைத்துவிடும். புத்தகம் வாங்கியே ஆக வேண்டும் என்று இல்லை. படியெடுக்கும் செலவு, ஒரு நோட்டு, பஸ் காசு எல்லாம் சேர்ந்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடியும்.

1. புத்தகத்தைத் தொடும் முன்: இரண்டு பேச்சைப் பிரித்துக்கொள்ளுங்கள்

"எல்லாரும் இன்பத்தைத்தான் நாடுகிறார்கள்" என்பது ஒரு பேச்சு. "இன்பத்தைத்தான் நாட வேண்டும்" என்பது வேறு பேச்சு. முதலாவது மனித சுபாவம் எப்படி இருக்கிறது என்பது, இரண்டாவது எப்படி வாழ வேண்டும் என்பது. ஒன்றை நிரூபித்துவிட்டு மற்றதையும் நிரூபித்த மாதிரி பேசுகிற இடங்கள் பெரிய பெரிய நூல்களில்கூட உண்டு. படிக்கும்போது ஓரத்தில் "இருக்கிறது", "வேண்டும்" என்று பென்சிலில் குறித்துக்கொண்டே போங்கள்.

தொல்காப்பியம் பொருளதிகாரத்தில் "எல்லா உயிர்க்கும் இன்பம் என்பது தானமர்ந்து வரூஉம் மேவற் றாகும்" என்று ஒரு நூற்பா வருகிறது. உயிர் இருக்கிற எல்லாவற்றுக்கும் இன்பத்தின் மேல் இயல்பாகவே நாட்டம் உண்டு என்பது அதன் கருத்து. இது முதல் வகைப் பேச்சு. இதை வைத்துத் தொல்காப்பியரை இன்பவாதி என்று சொல்லிவிடக் கூடாது.

தமிழில் படிப்பவர்களுக்கு இன்னொரு பொறியும் இருக்கிறது. "இன்பம்" என்ற சொல்லே நம்மிடம் இரண்டு வேலை செய்கிறது. அறம், பொருள், இன்பம் என்னும்போது அது காதலைச் சுட்டுகிறது. திருக்குறளின் கடைசி 25 அதிகாரங்களும் 250 குறள்களும் அந்த இன்பம்தான். இன்பவாதம் என்னும்போது பசி தீர்வது, நண்பனோடு பேசுவது, கால் வலி நிற்பது எல்லாம் அதற்குள் வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நான் காமத்துப்பாலில் தத்துவ வாதம் தேடி ஒரு மாதத்தை வீணாக்கினேன்.

2. கையில் இருக்க வேண்டியவை, அவற்றின் செலவு

இன்பம்தான் இலக்கு என்று சொன்ன பழைய கிரேக்கத் தத்துவவாதி எபிகூரஸ் எழுதிய மூன்று கடிதங்கள் முழுதாக மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் மெனோசியஸ் என்பவருக்கு எழுதியது மட்டும் இப்போது போதும், சில பக்கம்தான். அதோடு "முதன்மைக் கோட்பாடுகள்" என்ற 40 சிறு வாசகங்கள். இரண்டும் டயோஜினிஸ் லேர்ட்டியஸ் எழுதிய தத்துவவாதிகள் வரலாற்றின் பத்தாம் பகுதியில் இருக்கின்றன. ஹிக்ஸ் என்பவர் 1925இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசம். இது தெரியாமல் ஒரு பக்கம் கிரேக்கமும் ஒரு பக்கம் ஆங்கிலமுமாக அச்சான பதிப்பை 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கிரேக்க எழுத்து ஒன்றுகூடத் தெரியாது எனக்கு. நீங்கள் வாங்காதீர்கள்.

உலகாயதத்துக்கு (கண்ணால் கண்டதே சான்று, மறுமை இல்லை என்ற பழைய இந்தியத் தத்துவம்): மாதவர் 14ஆம் நூற்றாண்டில் தொகுத்த சர்வதர்சன சங்கிரகத்தின் முதல் அத்தியாயம். கோவெல், கஃப் இருவரும் 1882இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் மணிமேகலை 27ஆம் காதை, நீலகேசியின் கடைசிச் சருக்கமான பூதவாதச் சருக்கம், சிவஞான சித்தியார் பரபக்கத்தின் முதல் பகுதி. மதுரைத் திட்டத்தின் இணையதளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் தேடிப் பாருங்கள்.

உரையோடு வேண்டும் என்றால் நூலகம்தான் வழி, மணிமேகலை 27ஆம் காதையை உரையில்லாமல் படிப்பது கஷ்டம். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு ஆர்.எஸ்.புரத்து மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, ஈரோடு, திருப்பூர்க்காரர்களுக்கு அந்தந்த மாவட்ட நூலகம். ஆதார் நகலும் புகைப்படமும் எடுத்துப் போங்கள். எத்தனை புத்தகம் எடுக்க வேண்டும் என்பதைப் பொறுத்து வைப்புத்தொகை கேட்பார்கள், பெரிய தொகையாக இருக்காது. ஆதாரில் பழைய முகவரி இருந்தால் அதை முதலில் சரி செய்துவிட்டுப் போங்கள். நான் இதற்காக மூன்று தரம் அலைந்தேன்.

சொந்தமாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்கிறவர்கள் ஜூலையில் கொடிசியா வளாகத்தில் நடக்கும் கோவைப் புத்தகத் திருவிழாவுக்கோ ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கோ காத்திருங்கள். உரையோடு கூடிய பழைய பதிப்புகள் அங்கேதான் ஒரே இடத்தில் கண்ணில் படும்.

3. முதல் இரண்டு வாரம்: எபிகூரஸின் கடிதம் மட்டும்

வேறு எதையும் திறக்க வேண்டாம். கடிதத்தை ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். அப்புறம் மூன்று முறை மெதுவாகப் படியுங்கள்.

எபிகூரஸ் என்றால் விருந்து, மது, சொகுசு என்று ஒரு படம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் அவர் பெயரையே ருசியாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அடைமொழியாக்கிவிட்டார்கள். கடிதத்தில் அவர் சொல்வது நேர் எதிர். இன்பம்தான் இலக்கு என்கிறார், உண்மை. ஆனால் இன்பத்தின் உச்ச அளவு எது என்று கேட்டால், வலி எல்லாம் நீங்குவதுதான் அளவு என்று மூன்றாம் கோட்பாட்டில் கட்டிவிடுகிறார். உடம்பில் வலியின்மை, மனத்தில் கலக்கமின்மை. அதற்கு மேல் இன்பத்தை வகை மாற்றலாம், கூட்ட முடியாது. கணக்கு எழுதுகிறவனுக்கு இது சட்டென்று பிடிபட்டது: இவர் வரவைப் பெருக்கச் சொல்லவில்லை, கடனை அடைத்த நிலையைத்தான் செல்வம் என்கிறார்.

ஆசைகளை அவர் மூன்றாகப் பிரிப்பதை மனப்பாடமே செய்துவிடுங்கள். இயல்பானவை, அதோடு அவசியமானவை: பசிக்குச் சோறு, தாகத்துக்குத் தண்ணீர். இயல்பானவை, ஆனால் அவசியமில்லாதவை: அதே சோற்றில் விதவிதம். இயல்பும் இல்லாமல் அவசியமும் இல்லாதவை: சிலை வைக்க வேண்டும், ஊரே பேச வேண்டும் என்கிற மாதிரி. பசித்தவன் வாய்க்கு வந்து சேர்ந்தால் ரொட்டியும் தண்ணீருமே மிகப் பெரிய இன்பம் என்று அதே கடிதத்தில் எழுதுகிறார். கடலைக் காட்டில் களை வெட்டிவிட்டுக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து, சின்ன வெங்காயம் கடித்துக் கம்மங்கூழ் குடித்தவர்களுக்கு இந்த வரிக்கு உரை தேவையில்லை. என் அமுச்சி (அம்மாவின் அம்மா) அந்த மாதிரிக் குடித்துவிட்டு "இதுக்கு மேல என்ன வேணுங் கண்ணு" என்று சொல்வார்கள். எபிகூரஸின் மூன்றாம் கோட்பாட்டைப் படித்தபோது எனக்கு முதலில் கேட்டது அந்தக் குரல்தான்.

இதோடு புறநானூறு 189ஐச் சேர்த்துப் படியுங்கள். உலகம் முழுவதையும் ஆள்பவனுக்கும் இரவும் பகலும் தூங்காமல் விலங்கு தேடி அலைபவனுக்கும் "உண்பது நாழி, உடுப்பவை இரண்டே" என்கிறார் நக்கீரனார். தொடக்கம் எபிகூரஸ் மாதிரியே இருக்கிறது. முடிவு வேறு: செல்வத்தின் பயன் கொடுப்பது, தானே துய்ப்போம் என்றால் தவறிப்போவது பல. தேவை இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகு மிச்சத்தை என்ன செய்வது என்ற கேள்வியில் இருவரும் பிரிகிறார்கள். அந்தப் பிரிகிற இடத்தை நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அரிஸ்டிப்பஸ், சைரீன் பள்ளி என்று இன்னொரு கூட்டம் வரும். அவர்கள் இந்த நொடியின் உடல் இன்பத்தைத்தான் பெரிதாகப் பேசினார்கள். அவர்களை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அந்த வழியில் பின்னால் வந்த ஹெகீசியஸ், இன்பத்தையும் துன்பத்தையும் கூட்டிக் கழித்துவிட்டு வாழ்க்கைக்கே மதிப்பில்லை என்ற முடிவுக்குப் போய்விட்டார். மனம் சரியில்லாத நாட்களில் அவரைப் பற்றித் தனியாகப் படிக்கவே வேண்டாம். இதை உண்மையான அக்கறையோடு சொல்கிறேன்.

4. மூன்றாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை: உலகாயதம், அதாவது பங்காளி எழுதிய பத்திரம்

அதிகம் பேர் வழுக்குகிற இடம் இதுதான். நான் விழுந்ததும் இங்கேதான்.

உலகாயதர்களின் மூலநூல் எதுவும் முழுதாக நம் கைக்கு வரவில்லை. அவர்கள் சொன்னதாக நாம் படிப்பதில் பெரும்பகுதி, அவர்களை மறுக்க வந்தவர்கள் எழுதி வைத்தது. மாதவர் வேதாந்தி. மணிமேகலை பௌத்தக் காப்பியம். நீலகேசி சமணம். சித்தியார் சைவம். நான்கு பேரும் ஒரே ஆளை நிறுத்தி வைத்து மறுக்கிறார்கள், அந்த ஆள் எழுதிய சீட்டு மட்டும் கிடைக்கவில்லை. பங்காளி எழுதிக் கொடுத்த பத்திரத்தை வைத்து நம் காட்டின் எல்லையை அளப்பீர்களா? அளக்க மாட்டீர்கள். ஆனால் வேறு பத்திரமே இல்லை என்றால் அதைத்தான் வைத்துக்கொண்டு, எங்கே கூட்டி எழுதியிருப்பான், எங்கே குறைத்திருப்பான் என்று பார்த்துப் பார்த்து அளப்பீர்கள். அதே நிதானம் இங்கே வேண்டும்.

நெய் வரியையே எடுத்துக்கொள்வோம். "இருக்கும் வரை சுகமாக இரு, கடன் வாங்கியாவது நெய் குடி" என்பது சர்வதர்சன சங்கிரகத்தில் வருகிறது. இந்தச் செய்யுளின் பழைய வடிவத்தில் கடனும் இல்லை, நெய்யும் இல்லை, "சாவுக்குத் தப்பியது எதுவும் இல்லை" என்றுதான் இருந்தது என்று ராமகிருஷ்ண பட்டாச்சார்யா என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். சாவு நிச்சயம், ஆகவே இருக்கும் வரை நன்றாக வாழ் என்பது ஒரு மனிதன் யோசித்துச் சொல்கிற பேச்சு. கடன் வாங்கி நெய் குடி என்பது அவனை ஊர் முன்னால் அசிங்கப்படுத்துகிற பேச்சு. நான் நம்பி வட்டி கட்டியது இரண்டாவதற்கு.

ஆனால் அதே அத்தியாயத்தில், எதிராளியே எழுதியும் ஒளி குறையாத இடமும் உண்டு. துன்பம் கலந்திருக்கிறது என்பதற்காக இன்பத்தை விட்டுவிட முடியாது என்பதற்கு அவர்கள் சொல்லும் உவமைகளைப் பாருங்கள். மீனில் முள் இருக்கிறது என்று மீனை விடுவார்களா, நெல்லில் உமி இருக்கிறது என்று நெல்லை விடுவார்களா? மான் மேய்ந்துவிடும் என்று யாரும் விதைக்காமல் இருப்பதில்லை. பிச்சைக்காரர் வருவார் என்று உலை வைக்காமல் இருப்பதும் இல்லை. சத்தியமங்கலம் காட்டோரம் மக்காச்சோளம் போட்டுவிட்டு ராத்திரி முழுக்கப் பரண் காவல் இருக்கிற விவசாயியிடம் இதைச் சொன்னேன். "அவரு நம்ம ஊர்க்காரருங்களா?" என்று கேட்டார்.

அப்புறம் மணிமேகலை 27. மணிமேகலை வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயக்காரரிடமும் போய் "உங்கள் கொள்கை என்ன" என்று கேட்டுக்கொண்டே வருகிறாள். கடைசியாக வருபவன் பூதவாதி. வஞ்சி நம் கரூர்தான் என்று ஒரு சாராரும் கேரளக் கரையில் என்று ஒரு சாராரும் சொல்வார்கள், அந்த வழக்குக்குள் இப்போது போக வேண்டாம். பூதவாதி சொல்வது இது: ஆத்திப் பூ, வெல்லக் கட்டி முதலானவற்றைச் சேர்த்து ஊற வைத்தால் மதுவில் களிப்பு பிறக்கிற மாதிரி, நிலம், நீர் முதலான பூதங்கள் கூடினால் உணர்வு தோன்றுகிறது, மறுமை என்பது பொய். மணிமேகலை சிரித்துவிடுகிறாள், கடைசியில் ஒரு கேள்வி கேட்கிறாள். கண்ணால் கண்டதே சான்று என்கிறாயே, உன் தாய் தந்தையை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்?

பதில் சொல்ல அவனுக்குக் காப்பியம் இடம் தரவில்லை. அந்தப் பதிலை நீங்கள் எழுதிப் பாருங்கள். பத்து வரி போதும். இந்த மூன்று வாரத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்தப் பத்து வரிதான்.

5. ஆறாம் வாரம் முதல் ஒன்பதாம் வாரம் வரை: நோட்டு போடுங்கள்

ஆங்கிலத் தத்துவவாதி பெந்தாம் 1789இல் வெளியிட்ட "அறம், சட்டம் இவற்றின் கோட்பாடுகளுக்கு ஓர் அறிமுகம்" என்ற நூலில் நான்காம் அத்தியாயம் மட்டும் படியுங்கள், சில பக்கம்தான். இன்பத்தை ஏழு வகையில் அளக்கலாம் என்கிறார்: எவ்வளவு தீவிரம், எவ்வளவு நேரம், எவ்வளவு நிச்சயம், எவ்வளவு பக்கத்தில், பின்னால் வேறு இன்பத்தைப் பெற்றுப் போடுமா, துன்பத்தைக் கூட்டி வருமா, எத்தனை பேருக்குக் கிடைக்கும்.

நாற்பது ரூபாய் நோட்டு ஒன்று வாங்கி ஏழு பத்தி கோடு போட்டு நான்கு வாரம் எழுதினேன். நீங்களும் எழுதுங்கள், ஆனால் ஏழையும் போடாதீர்கள், மூன்றாம் நாளே சலித்துவிடும். நேரம், பின்விளைவு, எத்தனை பேர் என்ற மூன்று போதும். இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம்.

என் நோட்டில் வந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கும் சினிமாவுக்கும் தீவிரத்தில் நல்ல மதிப்பெண் விழுந்தது, நேரத்தில் விழவில்லை. விடிகாலையில் பக்கத்துத் தோட்டத்துக்காரரோடு தெளுவு (பதநீர்) குடித்துவிட்டு அரை மணி நேரம் பேசியது எல்லாப் பத்தியிலும் மேலே வந்தது. அதை எழுதி வைத்திருக்காவிட்டால் இன்பக் கணக்கிலேயே சேர்த்திருக்க மாட்டேன்.

எச்சரிக்கை ஒன்று. நோட்டு போட்ட நான்காம் வாரத்தில் எனக்கு ஒரு வறட்சி வந்தது. எதைச் செய்தாலும் "இது எத்தனை மதிப்பெண்" என்று மனம் ஓடியது, செய்கிறதில் இருந்த ருசி போய்விட்டது. பயப்பட வேண்டாம், இதற்குப் பெயரே இருக்கிறது: சிட்ஜ்விக் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1874இல் இதை இன்பவாதத்தின் முரண் என்று எழுதினார். இன்பத்தையே குறி வைத்தால் அது நழுவும். பெந்தாமின் கணக்கிலேயே வளர்க்கப்பட்ட ஜான் ஸ்டூவர்ட் மில்லுக்கு 1826இல், இருபது வயதில், இதைவிட மோசமாக வந்தது. நினைத்ததெல்லாம் நடந்துவிட்டால் நான் மகிழ்ச்சியாக இருப்பேனா என்று தன்னையே கேட்டார். இல்லை என்று பதில் வந்தது. அவரது சுயசரிதையின் ஐந்தாம் அத்தியாயத்தை இந்த வாரத்தில்தான் படிக்க வேண்டும், முன்னால் படித்தால் உறைக்காது. வறட்சி வந்தால் அன்றே நோட்டை மூடிவிடுங்கள்.

6. பத்தாம் வாரம்: எதிர்த் தரப்பு

பிளேட்டோவின் கோர்கியாஸ் உரையாடலில் ஓட்டைக் குடத்தின் பகுதி. ஆசை பெருகப் பெருக நிரப்பிக்கொண்டே இருப்பதுதான் நல்ல வாழ்வு என்று காலிக்ளிஸ் சொல்ல, ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுகிறவன் எப்போது உட்காருவான் என்று சாக்ரட்டீஸ் கேட்கிறார். கவனியுங்கள், இந்தக் கேள்வி எபிகூரஸைத் தொடாது. அவர் குடத்தை அடைக்கச் சொன்னவர்.

அப்புறம் நோசிக் என்ற அமெரிக்கத் தத்துவவாதி 1974இல் எழுதிய அனுபவ இயந்திரம். விரும்பிய அனுபவம் எல்லாவற்றையும் மூளைக்குள் நிஜம் மாதிரியே தருகிற இயந்திரம் இருந்தால் ஆயுள் முழுக்க அதில் படுத்துக்கொள்வீர்களா? மாட்டேன் என்றால், இன்பத்தைத் தவிர வேறு எதுவோ உங்களுக்கு வேண்டியிருக்கிறது. மூன்றாவதாகக் குறள் 39: "அறத்தான் வருவதே இன்பம்". இதை எபிகூரஸின் ஐந்தாம் கோட்பாட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். அறிவோடும் நேர்மையோடும் நீதியோடும் வாழாமல் இன்பமாக வாழ முடியாது என்கிறார் அவர். ஒரே மாதிரி இருக்கிறது, ஆனால் வள்ளுவருக்கு அறம் முதல், எபிகூரஸுக்கு அறம் வழி. நக்கீரனார் பிரிந்த இடத்தை எழுதி வைத்திருப்பீர்களே, அதே பிரிவுதான் இங்கேயும்.

7. பதினோராம், பன்னிரண்டாம் வாரம்: இலக்கியம்

நம் கொங்கு மண்ணிலேயே தொடங்குங்கள். கொங்குவேளிர் பெருங்கதையில் உதயணன் வாசவதத்தையோடு இன்பத்தில் மூழ்கி அரசை மறந்துவிடுகிறான். அவனை மீட்க அமைச்சன் யூகி அரண்மனைக்குத் தீ வைத்து, அவள் இறந்துவிட்டதாக நம்ப வைக்கிறான். இன்பத்தை அறவுரையால் தடுக்க முடியாது, இழப்பால்தான் தடுக்க முடியும் என்று அந்த அமைச்சன் கணக்குப் போட்டது எனக்கு இன்னும் நடுக்கமாக இருக்கிறது. மூலத்தின் நடை கடினம். உ.வே.சா. உரைநடையில் எழுதிய உதயணன் சரித்திரச் சுருக்கத்தை முதலில் படித்துவிட்டு இலாவாண காண்டத்துக்குப் போங்கள்.

ரோமானியக் கவிஞர் ஹோரஸின் "கார்ப்பே டீயம்" கவிதை எட்டே வரி. நாளைப் பிடி என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள், அந்த வினைச்சொல் பூவையும் பழத்தையும் பறிப்பதற்குச் சொல்வது. பழுத்ததைப் பறி, அவ்வளவுதான். உமர் கய்யாமைக் கவிமணியின் தமிழிலேயே படியுங்கள். அவரை ஆங்கிலத்தில் தந்த ஃபிட்ஸ்ஜெரால்டு வெறுமனே கவிதைப் புத்தகம் என்று சொன்ன இடத்தில் கவிமணி கையில் கம்பனைக் கொடுத்திருக்கிறார்.

கடைசியாகப் புறநானூறு 194. ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் மண முழவு. "இன்னாது அம்ம இவ்வுலகம், இனிய காண்க இதன் இயல்புணர்ந் தோரே" என்று முடிகிறது. உலகம் கொடியது என்று ஒப்புக்கொண்ட பிறகு இனியதைப் பார் என்கிறார் பக்குடுக்கை நன்கணியார். இதை முதலில் படித்திருந்தால் எனக்கு இது ஒரு பாட்டு. பன்னிரண்டாம் வாரம் படித்தபோது அழுதுவிட்டேன்.

8. முடிந்தால் ஆள் சேருங்கள்

எபிகூரஸ் தோட்டம் வாங்கிப் பெண்களையும் அடிமைகளையும் சேர்த்துக்கொண்டு பேசினார். நான்கு பேர் போதும். நாங்கள் மாதம் ஒரு ஞாயிறு, காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறும் முன் ஒரு தென்னந்தோப்பில் கூடுகிறோம். கல்யாண முகூர்த்தம் நிறைந்த மாதங்களில் யாரும் வர மாட்டார்கள், வைகாசி, ஆவணியில் நாள் குறிக்காதீர்கள். கூட்டத்துக்கு இரண்டு விதி வைத்தோம்: படிக்காமல் வருகிறவர் கேட்கலாம், வாதாடக் கூடாது. சாப்பாடு ஒருவர் வீட்டிலிருந்து ஒரே ஒரு பண்டம், போன தடவை சந்தகையும் தேங்காய்ப் பாலும்.

முதல் கூட்டத்துக்கு மெனோசியஸ் கடிதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலம் வராதவர்களுக்காக யாராவது ஒருவர் முந்தின வாரமே தமிழில் சொல்லிப் பதிவு செய்து அனுப்பிவிட வேண்டும். படியெடுக்கும்போது எழுத்தைப் பெரிதாக்கி எடுங்கள், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கூடினாலும் பரவாயில்லை. தோட்டத்துக்காரர் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் வருவார்.